வேப்பனப்பள்ளிக்கு யார் போவது?

கிருஷ்ணகிரி
3-6-1957

வெள்ளை,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. போன வாரம்தான் உன்னைப் பார்த்தேன், நன்றாகத் தின்றுகொண்டுதான் இருந்தாய். இங்கே அம்மாவுக்குத்தான் உடம்பு சரியில்லை. டைபாயிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜுரம் விட்டாலும் பத்து நாள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஜுரம்கூடப் பரவாயில்லை, பார்க்க வருகிற சொந்தக்காரர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஆளுக்கொரு பத்தியம் சொல்கிறார்கள். நேற்று ஒரு சித்தி பிரியாணி கொடுத்தால் தெம்பு வரும் என்று பாத்திரத்தோடு வந்துவிட்டாள். வாசலிலேயே வாங்கி நான் சாப்பிட்டுவிட்டேன். அம்மா இன்னும் அதற்காக என்னோடு பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் நர்ஸ் பள்ளி மூன்றாம் வருஷத்து ஆறு பேரும் ஆளுக்கொரு விருப்பப் பாடம் எழுதிக் கொடுக்கக் கடைசி நாள் பதினைந்தாம் தேதி. அதற்குள் நான் ஓசூர் வர முடியாது. சூப்பிரண்டு அம்மா இன்னும் பட்டியல் ஒட்டவில்லை என்று நீ சொன்னாய் அல்லவா, அதனால் விண்ணப்பத்தின் அடியில் என் கையெழுத்தைப் போட்டு, மேலே ஒன்றும் எழுதாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். பட்டியல் வந்ததும் நீயே நிரப்பிக் கொடுத்துவிடு. முதல் விருப்பம் ஆபரேஷன் தியேட்டர். இரண்டாவது விருப்பமும் அதேதான் என்று எழுத விடுவார்கள் என்றால் அப்படியே எழுது. விடமாட்டார்கள் என்றால் குழந்தை வார்டு.

ஏன் தியேட்டர் என்று உனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன். நூற்றியோராவது தரமும் கேட்டுக்கொள். அடுத்த வருஷம் நம் மிஷன் ஆஸ்பத்திரியிலேயே தியேட்டர் திறக்கிறார்கள். பயிற்சி முடித்த ஒருத்தியை ஓசூரிலேயே வைத்துக்கொள்வார்கள். என் அத்தா என்னை ஓசூர் தாண்டி வேலைக்கு அனுப்ப மாட்டார். அங்கே பெரியம்மா வீடு இருப்பதால்தான் படிக்கவே விட்டார். மூன்று மாதம் பயிற்சிக்கு பெங்களூர் போவதற்குக்கூட, ஷௌகத் அண்ணன் அங்கே மண்டியில் இருப்பதால்தான் சம்மதித்தார். மற்ற எந்தப் பாடம் எடுத்தாலும் சர்க்கார் எங்கோ போடும், அத்தா போக வேண்டாம் என்பார், நான் மாங்காய் மண்டி சாந்த் பாஷாவின் மகளாக வீட்டில் உட்கார்ந்து ஊறுகாய் போடுவேன். இந்த ஒரு காகிதத்தில் என் பிழைப்பு இருக்கிறது. மறந்து தொலைக்காதே.

இன்னொன்றும் உண்டு. தியேட்டரில் நோயாளி மயக்கத்தில் இருப்பான். நீ யார் வீட்டுப் பெண், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்க மாட்டான்.

தில்ஷாத்


ஓசூர்
18-6-1957

தில்ஷாத்,

உன் அம்மாவுக்கு ஜுரம் இறங்கிவிட்டது என்று கார்டில் பார்த்தேன். சந்தோஷம். இன்னும் பத்து நாள் கெட்டியாக எதுவும் கொடுக்காதே. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே மழை. சானமாவுக் காட்டில் யானை இறங்கி இரண்டு நாள் பஸ் சரியாக ஓடவில்லை. தபால் தாமதமாக வந்தால் அதுதான் காரணம்.

பட்டியல் ஏழாம் தேதி ஒட்டினார்கள். தியேட்டர் பெங்களூரில், ஒரு இடம். குழந்தை வார்டு ஒன்று, சயரோகம் இரண்டு, குஷ்டரோகம் ஒன்று, கிராம சுகாதாரம் ஒன்று. கிராம சுகாதாரத்துக்கு இந்த வருஷம் வேப்பனப்பள்ளி சென்டர். மற்ற நான்கு பேரும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியது தியேட்டரும் கிராம சுகாதாரமும்.

விண்ணப்பங்களைப் பார்த்து சூப்பிரண்டு அம்மா முடிவு செய்துவிட்டார்கள். எனக்குத் தியேட்டர். உனக்குக் கிராம சுகாதாரம். ஜூலை முதல் தேதி போய்ச் சேர வேண்டும்.

உனக்கு வருத்தமாக இருக்கும். உன் அலமாரிச் சாவியை லட்சுமியம்மாள் ஆயாவிடம் கொடுத்திருக்கிறேன். நான் முப்பதாம் தேதி பெங்களூர் கிளம்புகிறேன். நீ வரும்போது நான் இருக்க மாட்டேன்.

வெள்ளையம்மா


ஓசூர்
1-7-1957

வெள்ளையம்மாவுக்கு,

நேற்றுச் சாயங்காலம் நான் வந்தேன். நீ காலை பஸ்ஸிலேயே போய்விட்டாய் என்றார்கள். வழக்கமாகப் பத்து மணி வரை பெட்டி கட்டிக்கொண்டிருப்பவள் நீ.

சூப்பிரண்டு சாந்தம்மா அவர்களிடம் போய், என்னை ஏன் வேப்பனப்பள்ளியில் போட்டீர்கள் என்று கேட்டேன். நீதானே கேட்டாய் என்று விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார்கள். அடியில் என் கையெழுத்து. மேலே, "முதல் விருப்பம் கிராம சுகாதாரம். இரண்டாம் விருப்பம் கிராம சுகாதாரம்." உன் குண்டுக் குண்டு எழுத்து. நான் சொன்ன வேடிக்கையை அப்படியே வேறு பாடத்துக்குப் பண்ணியிருக்கிறாய். கை கூசவில்லையா உனக்கு?

"மேல இருக்கறது வேற எழுத்து மாதிரி இருக்குதே" என்று என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இன்று ராத்திரிக்குள் பெங்களூரிலிருந்து உன்னைத் திருப்பிக் கூட்டி வந்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சொல்லவில்லை. இரக்கம் என்று நினைக்காதே. காரணம் என்ன என்று முதலில் உன் வாயிலிருந்து தெரிய வேண்டும், அதற்குத்தான். மூன்று வருஷம் ஒரே பெஞ்சு, ஒரே சோப்புக் கட்டி. உனக்குத் தியேட்டர் வேண்டுமென்றால் நேராகக் கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், சீட்டுக் குலுக்கியிருப்போம். இது திருட்டு.

இன்று மத்தியானம் கிருஷ்ணகிரி வழியாக வேப்பனப்பள்ளி போகிறேன். பதிலை அங்கே எழுது. கவரில் எழுது, கார்டில் எழுதாதே.

தில்ஷாத்


பெங்களூர்
9-7-1957

தில்ஷாத்,

நீ எழுதியது அத்தனையும் சரி. நான்தான் எழுதினேன். சூப்பிரண்டு அம்மா முடிவு செய்தார்கள் என்று உனக்கு எழுதியது பொய்.

காரணம் இருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். தியேட்டர் மேல் ஆசைப்பட்டுச் செய்யவில்லை என்பதை மட்டும் நம்பு. நம்ப மாட்டாய், தெரியும்.

ஒரு உதவி கேட்கிறேன். கேட்க எனக்கு அருகதை இல்லை. வேப்பனப்பள்ளியில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், என்னைத் தெரியாது என்று சொல்லிவிடு.

வெள்ளையம்மா


வேப்பனப்பள்ளி
29-7-1957

வெள்ளையம்மா,

யாரும் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

சென்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். ஓட்டு வீடு, இரண்டு அறை. ஹெல்த் விசிட்டர் வெங்கடம்மாள், நான், ஒரு தராசு, ஒரு ஸ்டவ். எனக்கு இந்த வேலை சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒருத்திக்குக் கண்ணில் மருந்து விட அரை மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் தெலுங்கு, கால்வாசிப் பேர் கன்னடம். எல்லா மொழியிலும் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள்.

இங்கே பெரிய தொல்லை நரம்புச் சிலந்தி. ஊர் முழுக்கப் படிக்கிணற்றில் காலை வைத்து இறங்கி, அந்தத் தண்ணீரையே மொண்டு குடிக்கிறார்கள். கால் கொப்புளித்து, உடைந்து, உள்ளேயிருந்து நூல் மாதிரி புழு தலையை நீட்டுகிறது. அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரல் நீளம் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்து உள்ளேயே போய்ச் சீழ் வைத்துவிடும். என்னைப் போல அவசரக்காரிக்கு ஆண்டவன் பார்த்துக் கொடுத்த வேலை.

போன வாரம் நம் வகுப்புப் போட்டோவைச் சுவரில் மாட்டினேன். உன் மேல் இருக்கிற கோபத்துக்கு மற்ற நாலு பேர் என்ன செய்வார்கள் என்றுதான் மாட்டினேன். வியாழக்கிழமை ஒரு அம்மாள் கண் வலி என்று வந்தார். மருந்து விட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் போட்டோ முன்னால் போய் நின்றார். கண் தெளியாமல் நிற்கிறார் என்று நினைத்தேன்.

"இது எம்புள்ளைங்க. வெள்ளையம்மா. எட்டு வருசமாச்சி மூஞ்சியப் பாத்து. ஓசூரு போர்டிங்ல இருந்த வரைக்கும் தெரியும். அப்புறம் எங்க போனா, என்ன ஆனான்னு தெரியாது. இங்க வந்து சுவத்துல நிக்கிறா பாருங்க."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம்தான் மீதி வந்தது. "கண்ணாலம் பண்ணிக் குடுத்த புள்ளைங்க. எந்தம்பி எல்லப்பனுக்குத்தான் கட்டினோம். அவன் இன்னும் காத்துக்கிட்டுக் கெடக்கறான்."

உன் அம்மா பெயர் மாதம்மாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று வருஷத்தில் நீ ஒரு தரமும் சொன்னதில்லை.

எல்லப்பன் யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் என் முன்னால் காலை நீட்டி உட்காருகிறவர்தான். இடது கணுக்காலில் சிலந்தி.

நம் பள்ளியில் கல்யாணம் ஆனவளைச் சேர்க்க மாட்டார்கள். நீ விண்ணப்பத்தில் ஆகவில்லை என்று எழுதித்தான் சேர்ந்திருப்பாய். இங்கே வந்து இறங்கியிருந்தால் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும். அதனால் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டாய். காரணம் புரிந்துவிட்டது. கோபம் போகவில்லை. உன் பயத்துக்கு என் பிழைப்பை எடுத்து அடகு வைத்தாய்.

தில்ஷாத்


பெங்களூர்
6-8-1957

தில்ஷாத்,

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாமாவுக்கு இருபத்து நான்கு. அப்பா செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நிலம் வெளியே போகக்கூடாது, தம்பி துணையாக இருக்க வேண்டும் என்று அம்மா முடிவு பண்ணினார். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது அதிசயம் இல்லை. உனக்கே தெரியும். பெரியவளான பிறகு கூட்டிப் போவதாகப் பேச்சு. தாலி மட்டும் கட்டினார்கள். அன்றைக்குக்கூட எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது, தில்ஷாத். மாமா தோளில் ஏறி ராயக்கோட்டைச் சந்தைக்குப் போனவள் நான். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து அவர் வந்தால் உள்ளே போ என்று அம்மா விரட்டினார். அவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கு இருந்த ஒரே மாமனை அந்தக் கல்யாணம் எடுத்துக்கொண்டது.

பதின்மூன்றில் பெரியவளானேன். கூட்டிப் போக நாள் குறித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் பூவம்மாளிடம் போய் அழுதேன். அவர்கள்தான் ஓசூர் மிஷன் போர்டிங்கில் கொண்டு வந்து சேர்த்தார்கள். அம்மா ஒரு தரம் வந்து வாசலில் நின்று கத்தினார். ஹெட்மிஸ்ட்ரஸ் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு வரவில்லை. தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். நர்ஸ் பள்ளி விண்ணப்பத்தில் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதினேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

பட்டியலில் நான் பார்த்தது வேப்பனப்பள்ளி, என் ஊர். மற்ற இடமெல்லாம் போய்விட்டிருந்தது. என்னிடம் இரண்டு விண்ணப்பம் இருந்தது, என்னுடையதும் உன்னுடையதும். உனக்குத் தந்தி அடித்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் செய்தேன்.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காது என்றுதான் நினைத்து வந்தேன். ஆபரேஷன் முடிந்து வயிற்றை மூடுவதற்கு முன்னால் பஞ்சும் துணியும் எண்ணுவது என் வேலை. எண்ணிக்கை சரியாக வந்தால்தான் டாக்டர் ஊசியை எடுப்பார். நான் சொல்கிற ஒரு எண்ணுக்காக அத்தனை பேரும் காத்து நிற்கிறார்கள். போன வாரம் ஒரு துணி குறைகிறது என்று சொன்னேன். இல்லை என்று சத்தம் போட்டார்கள். நான் மாறவில்லை. உள்ளே இருந்தது. அன்று டாக்டர் என்னிடம், "உனக்குக் கை நடுங்குவதில்லை" என்றார். உன் இடத்தில் நின்றுகொண்டு இந்தப் பாராட்டை வாங்கினேன். வாங்கிவிட்டு ராத்திரி சாப்பிடவில்லை.

நீ சூப்பிரண்டு அம்மாவுக்கு எழுதினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

வெள்ளையம்மா


வேப்பனப்பள்ளி
19-8-1957

வெள்ளை,

எழுதுவதாக இருந்தால் ஜூலையிலேயே எழுதியிருப்பேன். சாப்பிடாமல் படுத்து என்னிடம் புண்ணியம் தேடாதே.

போட்டோவைக் கழற்றிவிட்டேன், கரையான் என்று வெங்கடம்மாளிடம் சொன்னேன். ஆனால் ஊர் வாயைக் கழற்றி வைக்க முடியவில்லை. மாதம்மாள் மகள் நர்ஸ் உடுப்பில் நிற்கிறாள் என்று படிக்கிணறு வரைக்கும் தெரிந்துவிட்டது. செப்டம்பர் பத்தாம் தேதி சூப்பிரண்டு அம்மா இந்த சென்டரைப் பார்வையிட வருகிறார்கள். ஒரு நாள் முழுக்க இருப்பார்கள். அன்றைக்கு யாராவது ஒருத்தி அவர்களிடம் சொல்லாமல் இருக்க மாட்டாள். நானாக வாய் திறக்க மாட்டேன். என்னைக் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். என் கையெழுத்துக்கு மேலே இருக்கிற பொய் ஒன்றே போதும்.

இனி எல்லப்பன் விஷயம். நீ நினைக்கிற மாதிரி அவர் கத்தி எடுத்துக்கொண்டு நிற்கவில்லை. மூன்று வாரமாக அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஆளைத் தெரியாமல் போகுமா? குச்சியைச் சுற்றும்போது ஒரு சத்தம் போட மாட்டார். போன திங்கட்கிழமை, நான் கேட்காமலே பேச்சை எடுத்தார்.

"நீங்க பாஷா ஐயா மவதானே. ஒண்ணு கேக்கறேன். அது நல்லாக் கீதா?"

யார் என்று கேட்டேன், வேண்டுமென்றேதான்.

"எங்க வெள்ளையம்மா."

நன்றாக இருக்கிறாள் என்றேன். தலையை ஆட்டினார். கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் மீதியைச் சொன்னார். "பேரிகைல ஒரு பொண்ணு குடுக்கறேங்கறாங்க. மொதக் கட்டு அறுக்காம குடுக்க மாட்டாங்களாம். அக்கா காலப் புடிச்சி அழுவுது, அறுக்காதடான்னு. எனக்கும் முப்பத்தி மூணு ஆவுது. நான் என்ன பண்றது?"

காத்துக் கிடக்கிறார் என்று உன் அம்மா சொன்னது இதைத்தான். அவருக்கும் உன்னைப் போலவே விட்டால் போதும் என்று இருக்கிறது. ஊர்க் கவுண்டர் சென்னகிருஷ்ணனிடம் அவரே விசாரித்திருக்கிறார். இரண்டு பேரும் ஊர் முன்னால் வந்து நிற்க வேண்டும், புருஷன்காரன் துரும்பைக் கிள்ளிப் போட வேண்டும், அதோடு தீர்ந்தது என்றாராம். ஒருத்தர் மட்டும் நின்றால் செல்லாது. எட்டு வருஷமாக நீ வராததால் அந்த மனுஷனும் மாட்டிக்கொண்டிருக்கிறார். இது உனக்குத் தெரியாது. தெரியாதது உன் குற்றம் இல்லை, தெரிந்துகொள்ளப் பயந்தது உன் குற்றம்.

என்ன செய்யப் போகிறாய் என்று பத்தாம் தேதிக்கு முன்னால் முடிவு பண்ணு.

தில்ஷாத்


பெங்களூர்
27-8-1957

தில்ஷாத்,

ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி ஓசூர் போனேன். சூப்பிரண்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சேரும்போது எழுதின பொய்யையும், உன் விண்ணப்பத்தில் எழுதின பொய்யையும்.

அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. "தில்ஷாத்துக்கு இது தெரியுமா?" ஜூலை முதல் தேதியிலிருந்து தெரியும் என்றேன். "ரெண்டு பேருமே கழுத்தறுக்கறீங்க" என்றார்கள். திட்டினார்களா, இல்லையா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

முடிவு இது. பெங்களூர்த் தியேட்டர் இடம் உனக்கு. செப்டம்பர் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை நீ சேர வேண்டும். வேப்பனப்பள்ளிக்கு நான் வர வேண்டும். செய்தது கணக்கில் வராது, இரண்டு பேருக்கும் மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம். செப்டம்பர் முப்பதாம் தேதிக்குள், கட்டு தீர்ந்தது என்று ஊர்க் கவுண்டர் எழுதி, இரு தரப்பும் சாட்சி வைத்த காகிதம் அவர்கள் மேசைக்கு வர வேண்டும். வந்தால் பட்டயப் பரீட்சை எழுதலாம். வராவிட்டால் என் பெயரை அடித்துவிடுவார்கள். கெஞ்சிப் பார்க்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஊரில் கால் வைத்தால் விட மாட்டார்கள் என்று பதின்மூன்று வயசில் நினைத்தது இப்போதும் அப்படியே இருக்கிறது. தியேட்டரை விட்டுப் போவதற்கும் வருத்தமாக இருக்கிறது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும், உன்னிடம் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

ஏழாம் தேதி சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். துரும்பு கிள்ளும் வரை நீ கூட இருக்க முடியுமா?

வெள்ளையம்மா


வேப்பனப்பள்ளி
31-8-1957

வெள்ளை,

இருக்க முடியாது. ஒன்பதாம் தேதி காலையில் நான் பெங்களூரில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஷௌகத் அண்ணன் வந்து கூட்டிப் போகிறான். கவுண்டர் ஊரைக் கூட்டுவது அதற்கு அடுத்த ஞாயிறு, பதினைந்தாம் தேதி. நான் ஒரு வாரம் தாமதமாகப் போனால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். உனக்காக இன்னொரு தரம் அதை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை. விட்டுக்கொடுத்தால் பெரிய மனசு என்று சொல்வார்கள். எனக்குப் பெரிய மனசு வேண்டாம், தியேட்டர் வேண்டும்.

நீ அங்கே துணியை எண்ணின கதையைப் படித்துப் பொறாமைப்பட்டேன். உன் வருத்தம் நியாயம்தான். பாவம் என்றும் இருக்கிறது. அதற்காக என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டயமும் மூன்று மாதம் தள்ளிப் போகிறது. அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வேலைக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள். சிலந்திக்காரர்கள் பதினோரு பேர், நோட்டில் தெரு வாரியாக எழுதியிருக்கிறேன். குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லி வீடு வீடாகச் சொல்லிவிட்டேன், நான்கு வீடுதான் கேட்டார்கள். நீ சொன்னால் கேட்பார்கள், உன் ஊர். உன் அம்மா கண்ணுக்கு இன்னும் ஒரு வாரம் மருந்து உண்டு. அவர் கோபமாக இருக்கிறார். நீ ஊரில் இல்லாததற்கு அல்ல, கட்டு அறுக்க வருகிறாய் என்பதற்கு. "வரட்டும், நான் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எட்டு வருஷமாக மூஞ்சியைப் பார்க்கவில்லை என்று அழுதவரும் அவர்தான்.

எல்லப்பன் காலில் இன்னும் நான்கு விரல் அளவு இருக்கும். அதை நீதான் சுற்ற வேண்டும். வெங்கடம்மாளுக்குக் கிட்டத்தில் கண் சரியாகத் தெரியாது.

தில்ஷாத்


வேப்பனப்பள்ளி
17-9-1957

தில்ஷாத்,

நீ பஸ் ஏறும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அண்ணன்தான் வருகிறோம் என்று சொன்னார். பரவாயில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்தெந்த வீட்டில் நாய் கடிக்கும் என்று எழுதி வைத்திருந்தாய். அதைப் பார்த்துச் சிரித்தேன்.

பத்தாம் தேதி சூப்பிரண்டு அம்மா வந்தார்கள். தராசைச் சரிபார்த்தார்கள், நோட்டைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள். போகும்போது "முப்பதாம் தேதி" என்று மட்டும் சொன்னார்கள்.

மாமா முதல் மூன்று நாள் கட்டுப் போட வரவில்லை. நான் இருப்பதால்தான். நான்காம் நாள் கால் வீங்கி, நடக்க முடியாமல், வண்டியில் வந்தார். நான் குச்சியை எடுத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். ஒரு விரல் அளவு சுற்றினேன். கை நடுங்கவில்லை என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று முன்தினம் ஊர் கூடியது. மாரியம்மன் கோயிலுக்கு எதிரில் மரத்தடியில் ஐம்பது அறுபது பேர். நான் உடுப்போடு போனேன். வெங்கடம்மாள் கூட வந்தார்கள். கவுண்டர் இரண்டு பேரையும் கேட்டார். எனக்கு வேண்டாம் என்றேன். சத்தம் வரவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன். மாமாவும் சரி என்றார். கவுண்டர் ஒரு துரும்பைக் கொடுத்தார். மாமா கிள்ளிப் போட்டார். அவ்வளவுதான், தில்ஷாத். எட்டு வருஷம் ஓடியதற்கு அரை நிமிஷம் ஆனது.

அப்புறம் காகிதம். கணக்குப்பிள்ளை வெங்கடசாமி எழுதினார். ஆண் பக்கத்தில் மாமா கைநாட்டு வைத்தார், அவர் பங்காளி ஒருவர் சாட்சி. பெண் பக்கத்துக்கு யார் என்று கேட்டார்கள். அப்பா இல்லை. அம்மா வரவில்லை, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். வெங்கடம்மாள் நான் போடுகிறேன் என்றார்கள். உறவுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்று கவுண்டர் மறுத்தார்.

"ஏம்மா, தாய்மாமன் இல்லாத பொண்ணு உண்டா? மாமனக் கூப்பு—" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இதற்கு மட்டும் காகிதம் நின்றுபோய், முப்பதாம் தேதி என் பெயரை அடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

மாமா எழுந்தார். காலை இழுத்து இழுத்து அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கட்டினவன் அங்க வச்சாச்சி. இப்ப மாமன் வைக்கறேன். எழுதுங்க."

அது எப்படி என்று இரண்டு பேர் கேட்டார்கள். "எப்படின்னா? எங்கக்கா மவ. இதுக்கு நான் இல்லாம வேற எவன் வருவான்?" என்றார். கவுண்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதச் சொன்னார். காகிதத்தில் ஒரே கட்டைவிரல் இரண்டு இடத்தில் இருக்கிறது. நேற்று ரிஜிஸ்தர் தபாலில் சூப்பிரண்டு அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

நான் அங்கேயே, எல்லோர் எதிரிலும் அழுதேன். இத்தனை வருஷம் அவரை நினைத்துப் பயந்து கிடந்ததற்கு அழுதேன். அவர் என்னைப் பார்க்காமல், "சரி வுடு, ஜனங்க பாக்குது. ஏன் இப்படி எளச்சிப் போயிட்ட? அங்க சோறு போடறாங்களா இல்லியா?" என்று திட்டினார். சின்ன வயசில் திட்டுகிற அதே குரல்.

அம்மா இன்னும் கதவைத் திறக்கவில்லை. காலையில் கண் மருந்தைக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. மாமாவிடம் கொடுத்தனுப்பினேன்.

வெள்ளையம்மா